வெஸ்லே போகிறவர்கள் கோட்டைவிடும் விஷயங்கள்

பாரிஸிலிருந்து காலையில் கிளம்பி, இயேசுவின் சீடரான மகதலேனா மரியாள் பெயரில் அங்கே இருக்கும் பழைய கிறிஸ்தவக் கோயிலை அரை மணியில் சுற்றிவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. வெஸ்லே, பர்கண்டியில் ஒரு குன்றின் மேல் இருக்கும் சின்ன ஊர், அதற்கு ரயில் கிடையாது. பக்கத்து ஸ்டேஷனான செர்மிசெல் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இறங்கியதும் வாசலில் டாக்ஸி நிற்கும் என்று நம்ப வேண்டாம், மேலே போக என்ன வழி என்று முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். காரில் போனால் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

அப்புறம், நிறையப் பேர் செய்வது இது: மகதலேனா மரியாள் கோயிலின் வெளி முகப்பில் உள்ள சிற்பத்தைப் படமெடுத்துக்கொண்டு, "ஆகா, 12ஆம் நூற்றாண்டு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடிவிடுவார்கள். அது 19ஆம் நூற்றாண்டு வேலை. இடிந்து விழும் நிலையில் இருந்த கோயிலைச் சீரமைக்க 1840இல் வியோலே-லெ-டுக் என்ற 26 வயது இளைஞரிடம் ஒப்படைத்தார்கள், அந்தக் காலத்தில் வந்ததுதான் அந்த முகப்புச் சிற்பம். அசல் சரக்கு முன்மண்டபத்துக்குள், நடுவாசலுக்கு மேலே இருக்கிறது. கிறிஸ்துவின் கைகளிலிருந்து கதிர்கள் சீடர்கள்மேல் இறங்குகின்றன, சுற்றிலும் உலகத்து மக்கள் எல்லாரும்: நாய்த்தலை மனிதர்கள், முறம்போல் காதுள்ளவர்கள், ஏணி வைத்துக் குதிரை ஏறும் குள்ளர்கள். நாய்த்தலையர்கள் வாழ்வது இந்தியாவில் என்று பழைய கிரேக்கர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார், ஆகவே அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு! அங்கே கால் மணி நேரமாவது நில்லுங்கள்.

உள்ளே தூண்களின் தலைப்பகுதியில் உள்ள சிற்பங்கள் உயரத்தில் இருப்பதால் கண்ணில் படாமலே போய்விடும். சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், தானியம் கொட்டி மாவு அரைக்கும் 'ஆலை' சிற்பத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஜூன் 21ஐ ஒட்டிப் போகிறவர்களுக்கு இன்னொன்று. உச்சி வேளையில் தெற்கு ஜன்னல்கள் வழியே விழும் வெளிச்சம் கோயிலின் நடுக்கூடத் தரையில் வரிசையாகப் பாதை போட்டதுபோல் விழும். கடிகாரத்தில் 12 மணி பார்த்துப் போய் நின்றால் ஏமாந்துபோவீர்கள். பிரான்சின் கோடை நேரப்படி, அங்கே சூரியன் உச்சிக்கு வருவது 2 மணிக்குச் சற்று முன்னால்தான்.

வழிபாடு நடக்கும்போது கேமராவோடு குறுக்கே நடக்காதீர்கள், துறவிகள் தினமும் பாடி ஜெபிக்கிற கோயில் அது. சரி, சும்மா நிற்க வேண்டாம் என்றால் நிலவறைக்கு இறங்குங்கள், ஆனால் மகதலேனாவின் எலும்புகள்தான் அங்கே இருக்கின்றன என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்த நம்பிக்கையால்தான் ஊருக்கு அத்தனை கூட்டமும் வந்தது, 1146இல் புனித பெர்னார்து இரண்டாம் சிலுவைப்போருக்கு ஆள் திரட்டியதும் இங்கேதான். 1279இல் தெற்கே புரோவான்சில் 'உண்மையான உடல்' கிடைத்ததாக அறிவித்ததும் இங்கே கூட்டம் வற்றிவிட்டது.

கோயிலோடு திரும்பிவிடுவதும் தவறுதான். ராமகிருஷ்ணர், விவேகானந்தர், காந்தி வரலாறுகளை எழுதிய ரொமேன் ரோலான் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1944இல் இறந்தது இந்த ஊரில். அவர் வீட்டில் இப்போது செர்வோஸ் என்ற கலை அருங்காட்சியகம், பிக்காசோ ஓவியங்களும் உண்டு. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், நேரம் பார்த்துவிட்டுப் போங்கள்.