வேறு வேறு ராம்களை ஒரே கணினியில் சேர்ப்பது எப்படி

"ஏற்கெனவே 8 ஜிபி ராம் இருக்கிறது. வேறு கம்பெனி ராம் வாங்கிச் சேர்த்தால் ஓடுமா?" சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீட்டு டெஸ்க்டாப்புகளை எல்லாம் திறந்து மூடிக்கொண்டிருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். பெரும்பாலும் ஓடும். கம்பெனிப் பெயர் பெரிய விஷயமே இல்லை. மேலே எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லுகளைப் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றில் ஒன்றுதான் தயாரித்திருக்கும். ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகத்திலேயே ஓடுமா என்றால், அதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

முதலில் தலைமுறை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றோடொன்று சேராது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான் என்றாலும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அது தவறான ராம். சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கும் ரெஜிஸ்டர்டு ராமும் சாதாரண டெஸ்க்டாப்பில் வேலை செய்யாது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் பழைய ராம் வாங்குபவர்கள் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

புதியதை வாங்கும் முன் பழையதன் லேபிளைப் படியுங்கள். 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666 என்பது போல ஒரு வரி இருக்கும். கொள்ளளவு 8 ஜிபி, ஒரு ரேங்க் (சேர்ந்து இயங்கும் சில்லுகளின் ஒரு தொகுதி), 8 பிட் சில்லுகள், டிடிஆர்4, வேகம் 2666. சில லேபிள்களில் 2666 என்பதற்குப் பதில் 21300 என்றிருக்கும். அது நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கு, எட்டால் வகுத்தால் ஏறக்குறைய வேகம் வந்துவிடும். ஹீட் சிங்க் மூடி மறைத்திருந்தால் சிபியு-இசட் மென்பொருளில் எஸ்பிடி (ராம் தன் விவரங்களைப் பதிந்து வைத்திருக்கும் சில்லு) பக்கத்தைப் பாருங்கள். அதன் மெமரி பக்கத்தில் 1333 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போகிறது, ஆகவே அதுதான் 2666.

அடுத்து வேகம். "இரண்டில் மெதுவானது எதுவோ அந்த வேகத்தில் எல்லாம் ஓடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. என் கணினியில் 3200 என்று எழுதிய ஒரு ஜோடியும், 2666 என்று எழுதிய ஒரு ஜோடியும் இருக்கின்றன. நான்கையும் செருகிவிட்டுப் பார்த்தால் எல்லாம் 2400-இல் ஓடுகின்றன! எந்த ராமின் மேலும் 2400 என்று எழுதவில்லை. காரணம் இதுதான்: ஒவ்வொரு ராமிலும் எஸ்பிடி என்று ஒரு குட்டிச் சில்லு இருக்கிறது, தன்னால் எந்த வேகத்தில், எந்த டைமிங்கில் (ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்ற எண்கள்) ஓட முடியும் என்பதை அது மதர்போர்டுக்குச் சொல்லும். என் 3200 ஜோடிக்கு அதில் பதிந்திருக்கும் அடிப்படை வேகம் 2400 மட்டுமே. 3200 என்பது எக்ஸ்எம்பி என்ற தனி புரொஃபைல். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) நாமாகப் போய் அதை ஆன் செய்தால்தான் கிடைக்கும், அதுவும் 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட்டில்.

அப்படியானால் எக்ஸ்எம்பியை ஆன் செய்துவிடலாமே என்று தோன்றும். கலந்து போட்டிருக்கும்போது அதை நான் தொடுவதில்லை. மதர்போர்டு ஒரு ஜோடியின் புரொஃபைலை எடுத்து நான்குக்கும் திணிக்கும். மற்ற ஜோடி அந்த வேகத்துக்குச் சோதிக்கப்பட்டதே அல்ல. சில சமயம் ஓடிவிடும், சில சமயம் திரையே வராது. இந்த இரண்டையும் விட மோசமானது, ஓடுவது போல ஓடி வாரத்துக்கு ஒரு முறை கவிழ்வது.

எனவே கையாலேயே வைத்துவிடுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்து, வேகத்தை 2666 என்று கொடுங்கள். டைமிங் எண்களில் இரண்டு ராம்களிலும் எது பெரியதோ அதைப் போடுங்கள். என் வேகமான ஜோடி 16-18-18-36, மெதுவான ஜோடி 19-19-19-43. நான் வைத்தது 19-19-19-43, கமாண்ட் ரேட் 2டி, வோல்டேஜ் 1.2. இதனால் எவ்வளவு இழப்பு? டைமிங்கின் முதல் எண்ணான சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் நானோ நொடியில் கிடைக்கும். 3200-இல் சிஎல்16 என்றால் 10, 2666-இல் சிஎல்19 என்றால் 14.25. கேம் ஆடுபவருக்கு இது தெரியலாம். ஆனால் ராம் போதாமல் கணினி டிஸ்கைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது அந்த நாலு நானோ நொடியைப் பற்றிக் கவலைப்படுவது வீண். வேகமான 8 ஜிபியை விட, மெதுவான 16 ஜிபியையே நான் தேர்ந்தெடுப்பேன். 2933-க்கும் ஏற்றிப் பார்த்தேன், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டில் பிழை வந்தது, 2666-க்கே இறக்கிவிட்டேன்.

ஸ்லாட் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. நான்கு ஸ்லாட் போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து முதல் இரண்டு ஏ சேனல், அடுத்த இரண்டு பி சேனல் (சேனல் என்பது பிராசசருக்கும் ராமுக்கும் இடையிலான தரவுப் பாதை). இரண்டே ராம் என்றால் பொதுவாக இரண்டாவதும் நான்காவதும், அதாவது ஏ2, பி2. இரண்டு 8 ஜிபி, இரண்டு 4 ஜிபி இருந்தால் ஒவ்வொரு சேனலிலும் ஒரு எட்டு, ஒரு நாலு வருகிற மாதிரி பிரித்துப் போடுங்கள். இரண்டு எட்டையும் ஒரே சேனலில் அடுக்கினால் 16-க்கு 8 என்று சமனில்லாமல் போய்விடும். மொத்தமே ஒரு எட்டும் ஒரு நாலும்தானா? அதுவும் பரவாயில்லை. இப்போதைய போர்டுகள் நாலுக்கு நாலு டூயல் சேனலாகவும், மிச்ச நாலை சிங்கிள் சேனலாகவும் நடத்தும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு டூயல் சேனலின் அருமை நன்றாகத் தெரியும், கேமில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

மாட்டுவது எளிது. பவர் வயரைப் பிடுங்கி, மிச்ச மின்சாரம் போக பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, கிளிப் 'டக்' என்று மூடும்வரை இரு முனையிலும் அழுத்த வேண்டும். முதல் முறை ஆன் செய்யும்போது திரை உடனே வராமல் போகலாம், கணினி தானாக அணைந்து எழவும் செய்யலாம். புது ராமைப் போர்டு பழகிக்கொள்கிறது. டிடிஆர்5-இல் இதற்குச் சில நிமிடம்கூட ஆகும், பொறுமை இழந்து பவரை அணைத்துவிடாதீர்கள். நிஜமாகவே வரவில்லை என்றால் பயாஸ் பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றி மாட்டி, ஒரே ஒரு ராமை ஏ2-இல் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

விண்டோஸ் வந்துவிட்டது, மொத்தம் 16 ஜிபி காட்டுகிறது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. ராம் கோளாறு ராம் கோளாறாகவே வெளியே தெரியாது. ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது பிழை வரும், பிரவுசர் டேப் காரணமில்லாமல் செத்துப்போகும், பழி வேறு எதன் மேலோ விழும். மெம்டெஸ்ட்86+ இலவசம். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் என் கணக்கில் தோல்விதான். வேகத்தை ஒரு படி இறக்கி மறுபடி ஓட்டுங்கள். அடிப்படை வேகத்திலும் பிழை வந்தால் ஒவ்வொரு ராமையும் தனியாகச் சோதியுங்கள். தனியாக எல்லாம் பாஸ், சேர்ந்தால் மட்டும் ஃபெயில் என்றால் அந்தச் சேர்க்கையை விட்டுவிட வேண்டியதுதான்.

டிடிஆர்5 கணினி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் யோசனை வேறு. அங்கே நான்கு ஸ்லாட்டையும் நிரப்புவதே பிராசசரில் ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ராம் என்றால் 5200, நான்கு என்றால் 3600. ஒரே மாதிரி நான்குக்கே இந்தக் கதி. ஆகவே பழைய ஜோடியை விற்றுவிட்டு, பெரிய ஜோடி ஒன்றை ஒரே பெட்டியில் வாங்கிக்கொள்ளுங்கள்.