அறுநூற்றுக்கு முந்நூற்றுச் சொச்சம்: அடுத்து எங்கே சேர்வது?

பிளஸ் டூ முடிவு வந்த அன்று சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி "மொத்தம் எவ்வளவு?" என்பதுதான். தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கைக்குத் தரவரிசைப் பட்டியல் போடுபவர்கள் அநேகமாகப் பார்க்காத எண்ணும் அதுதான். பொறியியலுக்கு ஒரு கணக்கு, கலை அறிவியலுக்கு வேறொரு கணக்கு, ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு இன்னொன்று. ஒரே மதிப்பெண் பட்டியல் ஓர் இடத்தில் கடைசி வரிசையிலும் இன்னோர் இடத்தில் நடுவரிசையிலும் நிற்கும். ஆகவே எந்தக் கல்லூரி என்று யோசிப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, உங்கள் மதிப்பெண்ணை ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

உதாரணத்துக்கு உயிரியல்-கணிதம் பிரிவில் ஒரு மாணவி: தமிழ் 78, ஆங்கிலம் 52, கணிதம் 41, இயற்பியல் 49, வேதியியல் 53, உயிரியல் 62. மொத்தம் 335. ஏறக்குறைய 56 சதவீதம்.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் முழுதாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி. 41 + 24.5 + 26.5, ஆக 92. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கையும் கூட்டி 400-க்குப் பார்ப்பார்கள்: 205. ஆனால் பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண் மட்டுமே கணக்கு. அங்கே அவள் நூற்றுக்கு 78. பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கிலம் மட்டும்: 52. செவிலியர், துணை மருத்துவப் படிப்புகளில் கணிதம் காணாமலே போய்விடும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும்தான் கணக்கு. ஐடிஐக்குப் பிளஸ் டூவே தேவையில்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். பத்தாவதில் நன்றாக எடுத்துவிட்டுப் பிளஸ் டூவில் சறுக்கியவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

மொத்தம் எங்கே கடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வளாகத் தேர்வுக்கு வரும் ஐடி நிறுவனங்கள் பல, பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் என்று வரம்பு வைக்கின்றன. 600-க்கு 360-க்குக் கீழே இருந்தால் அந்த நிறுவனங்களின் முதல் சல்லடையிலேயே நின்றுவிட நேரும். இந்த வரம்பு இல்லாத நிறுவனங்களும் உண்டு, மேற்படிப்பு முடித்துப் போகும்போது தளர்த்துபவர்களும் உண்டு. ஆனால் "எங்கள் கல்லூரியில் நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று சொல்பவரிடம், பிளஸ் டூவில் 60-க்குக் கீழே எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு எந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தது என்று கேளுங்கள். அரசுத் தேர்வுகளின் நிலைமை வேறு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், குரூப் 2-க்குப் பட்டம் இருந்தால் போதும். எத்தனை சதவீதம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

எந்தப் பாடத்தில் குறைந்தது?

எவ்வளவு குறைந்தது என்பதைவிட எதில் குறைந்தது, ஏன் குறைந்தது என்பதே பாதையைத் தீர்மானிக்க வேண்டும். கணிதத்தில் 41 வந்ததற்குக் காரணம் காய்ச்சலோ, கடைசி மாதம் மட்டும் படித்ததோ என்றால் அது சரிசெய்யக்கூடியது. வகையிடலும் தொகையிடலும் கடைசிவரை பிடிபடவே இல்லை என்றால் பொறியியலின் முதல் பருவத்திலேயே அதே கணக்கு காத்திருக்கிறது: அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவக் கணிதத்தின் பெயரே அணிகளும் நுண்கணிதமும்தான். பள்ளியில் 35 எடுத்தால் தேர்ச்சி, அங்கே 50 வேண்டும். அரியர், அதாவது தோற்று மறுபடி எழுத வேண்டிய தாள், விழுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். மாநிலப் பல்கலைக்கழகங்களின் இளநிலைக் கலை அறிவியல் படிப்புகளில் பொதுவாக 40 போதும்.

விடைத்தாளில் தவறு நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். இதற்கான அவகாசம் சில நாட்கள்தான். ஏதேனும் ஒரு பாடம் போயிருந்தால் ஓர் ஆண்டு போனதாக அர்த்தமில்லை. கோடையிலேயே துணைத்தேர்வு உண்டு, அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு அதே ஆண்டில் நடக்கிறது.

பொறியியல் வேண்டும் என்றால்

இடம் கிடைக்குமா என்ற கவலை தேவையில்லை. பொதுப்பிரிவினருக்கு மூன்று பாடங்களில் 45 சதவீதமும் மற்றவர்களுக்கு 40-ம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கடைசிச் சுற்றுக்குப் பிறகும் இடங்கள் மிஞ்சுவது வழக்கம். எந்தக் கல்லூரி என்பதுதான் கேள்வி. இணைப்புக் கல்லூரிகளின் பருவத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. விளம்பரப் பலகையை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள். தேர்வு எழுதியவர்களில் கால்வாசிப் பேர்கூடத் தேறாத கல்லூரியில், 41 எடுத்த மாணவி தானாக முன்னேறிவிடுவாள் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

கலந்தாய்வில் கடைசிச் சுற்றில் வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, பத்துப் பதினைந்து விருப்பங்களை மட்டும் நிரப்பிவிட்டு உட்கார்ந்திருப்பது. விருப்பப் பட்டியலுக்கு உச்சவரம்பு கிடையாது. எண்பது, நூறு என்று நிரப்புங்கள், ஆனால் மெய்யாகவே சேரச் சம்மதமான கல்லூரிகளை மட்டும், பிடித்த வரிசைப்படி. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். அந்த இரண்டு நாள் கைப்பேசியைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் கிடைக்கும் இடத்துக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். 92 கட்-ஆஃப் வைத்திருப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருகிறோம் என்று மே மாதமே தொலைபேசியில் கூப்பிடுபவர்களுக்குப் பிடி கொடுக்காதீர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாக வருபவர்களுக்கு மட்டுமே. அதே கல்லூரி, அதே பிரிவு ஆகஸ்டில் கலந்தாய்வில் காலியாகவே கிடக்கலாம்.

சுற்றிப் போகும் பாதை

சராசரி மதிப்பெண்காரர்களுக்குப் பெரும்பாலும் நல்லது இந்தச் சுற்றுவழிதான். ஊரில் இதற்கு மதிப்புக் குறைவு என்பது வேறு விஷயம்.

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழிற்பிரிவுக்காரர்களுக்கும் இந்த வழி உண்டு. இரண்டே ஆண்டில் டிப்ளமோ. அதை நல்ல மதிப்பெண்ணில் முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை, அங்கே மூன்று ஆண்டு. மொத்தம் ஐந்து ஆண்டு, நேராகப் போவதைவிட ஓர் ஆண்டு கூடுதல். பதிலுக்குக் கிடைப்பது என்ன? இடையில் ஒரு டிப்ளமோ, பட்டறைப் பழக்கம், பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பதில் டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து நல்ல கல்லூரிக்குள் நுழையும் வாய்ப்பு. அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். சறுக்கும் இடம் ஒன்று: இரண்டாம் ஆண்டில் நுழைபவர்கள் முதலாண்டுப் பட்டறையையும் பொறியியல் வரைபடத்தையும் தவறவிட்டிருப்பார்கள். முதல் மூன்று மாதம் அதை ஈடுகட்ட உழைக்க வேண்டும்.

கணினித் துறைக்கும் இதே மாதிரி சுற்றுவழி உண்டு. அரசுக் கல்லூரிகளில் பி.காம்., பி.எஸ்சி. கணினி அறிவியல் இடங்கள் சட்டென்று நிரம்பிவிடும். கணிதமும் இயற்பியலும் கடைசிக் கட்டம் வரை கிடைப்பது சகஜம். பி.எஸ்சி. கணிதம் முடித்து டான்செட் நுழைவுத்தேர்வு எழுதினால் இரண்டு ஆண்டு எம்.சி.ஏ. போகலாம். கணிதம் பிடிபடாதவர்களுக்கு இது பொருந்தாது. காலியாக இருக்கிறதே என்று சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் அல்லாடுபவர்கள் நிறைய. அரசு உதவி பெறும் கல்லூரியில் சேர்வதானால் உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டம் ஒன்றுதான், கட்டணம் பல மடங்கு மாறும்.

ஐடிஐயைத் தோற்றவர்கள் போகும் இடம் என்று நினைப்பது பழைய கதை. ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓராண்டு. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்த கையோடு தொழிற்பழகுநர் பயிற்சிக்குத் திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம். பிளாஸ்டிக் அச்சு வேலையில் ஆர்வம் இருந்தால் கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டை விசாரியுங்கள். பத்தாம் வகுப்புத் தகுதியிலேயே அங்கு டிப்ளமோக்கள் உண்டு.

பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு வேலையில்லாத வழிகள்

பட்டயக் கணக்காளர் படிப்பான சி.ஏ.-வின் முதல் தேர்வு, ஃபவுண்டேஷன் எழுதப் பிளஸ் டூ தேர்ச்சி போதும், எந்தப் பிரிவானாலும் சரி. நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. வாசல் அகலம், உள்ளே ஏணி செங்குத்து. கூடவே பி.காம். படிக்காமல் சி.ஏ. மட்டும் நம்பி இறங்குவது துணிச்சல். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவை இளநிலைப் படிப்புகளுக்கு கியூட் என்னும் பொது நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்து எடுக்கின்றன. ஆனால் அதற்குப் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். தரமணி, திருச்சி உணவக மேலாண்மைக் கல்லூரிகளுக்கும் தனி நுழைவுத்தேர்வு இருக்கிறது. இதற்கு மாறாக, அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுச் சட்டப்படிப்புக்கு நுழைவுத்தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. பொதுவாக 45 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40.

மருத்துவத் துறைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் "நர்சிங்" என்று பலகை மாட்டி ஓராண்டுச் சான்றிதழ் தரும் நிறுவனங்கள் வேறு, பதிவு பெற்ற செவிலியராக்கும் படிப்பு வேறு. பி.எஸ்சி. நர்சிங்கோ மூன்றாண்டு டிப்ளமோவோ, தமிழ்நாடு செவிலியர் மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் படிப்பு முடிந்தும் பதிவு செய்ய முடியாது.

பணமும் காகிதமும்

சாதி, வருமானம், முதல் பட்டதாரி, இருப்பிடச் சான்றுகளை இ-சேவையில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்து வையுங்கள். மே, ஜூனில் நெரிசல். பெயரின் முன்னெழுத்து ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று என்று இருந்தால் அதையும் முதலிலேயே திருத்துங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பட்டம், டிப்ளமோ, ஐடிஐ எல்லாவற்றுக்கும் உண்டு, அஞ்சல்வழிக் கல்விக்குக் கிடையாது.

ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டுப் பிறகு வேறிடம் கிடைத்தால் மாறலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்னதாக விலகினால் முழுக்கட்டணமும் திரும்ப வரும், செயலாக்கக் கட்டணமாகச் சிறு தொகை மட்டும் பிடிக்கலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளவும் அந்த விதி இடம் தரவில்லை. சரிபார்த்த கையோடு திரும்பக் கேளுங்கள். "படிப்பு முடியும்வரை எங்களிடம் இருக்கட்டும்" என்று சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.