கியோட்டோவில் ஆறு மாதம்: கூடை வைத்த சைக்கிளில் ஓர் ஊரைப் பழகுவது எப்படி

என் மனைவிக்கு ஜப்பானின் கியோட்டோ நகரில் ஆறு மாத ஆராய்ச்சிப் பணி கிடைத்தது. மார்ச் தொடங்கி ஆகஸ்ட் முடிய. நானும் கூடவே போனேன். என் வேலை மதியத்துக்கு மேல்தான் தொடங்கும் என்பதால் காலைப் பொழுது முழுக்க என் கையில் இருந்தது. முதல் பத்து நாள் பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்றினேன். ஏறிய இடமும் இறங்கிய இடமும் மனதில் நின்றன. நடுவில் இருந்த ஊர் நிற்கவே இல்லை. பதினோராம் நாள் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். அதன் பிறகுதான் அந்த ஊர் எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

வெளிநாட்டில் சில மாதம் தங்கப் போகிறவர்கள், சைக்கிள் விட்டுப் பல வருஷம் ஆனவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கியோட்டோவுக்கென்றே எழுதினாலும் வரிசை எந்த ஊருக்கும் உதவும்.

1. வண்டி: அலங்காரம் வேண்டாம், கூடை வேண்டும்

ஜப்பானில் வீட்டு உபயோகத்துக்கான சைக்கிளை 'மமச்சாரி' என்பார்கள். அம்மாக்களின் சைக்கிள் என்று பொருள். முன்னால் கூடை, பின்னால் கேரியர், பின் சக்கரத்திலேயே வளையப் பூட்டு, இரட்டைக் கால் ஸ்டாண்டு, முன் சக்கரத்தில் விளக்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். வேகமாகப் போகாது. ஊர் பார்க்க வந்தவருக்கு அதுவே நல்லது.

புதிய மமச்சாரி 20,000 யென்னுக்குப் பக்கத்தில் தொடங்கும். பழையது அதில் பாதிக்குக்கூடக் கிடைக்கும். ஒரு மாதம்தான் தங்கப் போகிறீர்கள் என்றால் மாத வாடகைக்கு எடுங்கள். அதற்கு மேல் என்றால் வாங்கிவிடுவதே லாபம்.

வாங்கும் முன் ஐந்தே சோதனை. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். ரிம் பிரேக் கட்டையில் உரசாமல் ஓட வேண்டும். இரண்டு பிரேக்கும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். செயினில் துரு இருக்கக் கூடாது. டயர் ஓரத்தில் வெடிப்பு இருந்தால் வேறு வண்டி பாருங்கள். கடைசியாக சீட்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்க வேண்டும். நம்மில் பலர் இரண்டு காலும் தரையில் பதியும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டிப் பழகியவர்கள். அப்படி ஓட்டினால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே முட்டி வலிக்கும்.

மமச்சாரி டியூபில் இருப்பது நம் ஊர்ச் சைக்கிளில் இருக்கும் அதே வகை வால்வுதான், உள்ளே வால் டியூப் போட்டது. காற்று இறங்கினால் முதலில் அந்தச் சின்ன ரப்பரைப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் பஞ்சர் ஒட்ட வேண்டிய வேலையே இல்லை.

2. பதிவும் காப்பீடும்

ஜப்பானில் ஒவ்வொரு சைக்கிளையும் திருட்டுத் தடுப்புக்காகப் பதிவு செய்ய வேண்டும். கடையிலேயே செய்து கொடுப்பார்கள், சில நூறு யென் ஆகும். பிரேமில் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அடையாள அட்டையும் தங்கும் முகவரியும் கொண்டு போங்கள். தெரிந்தவர் ஒருவரிடம் சும்மா வாங்கிக்கொண்டாலும் உரிமை மாற்றிய தாளைக் கேட்டு வாங்கிப் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இரவில் போலீஸ்காரர் நிறுத்தி அந்த எண்ணைச் சரிபார்ப்பது அங்கே சாதாரணம். வேறொருவர் பெயர் வந்தால் விளக்கம் சொல்வதிலேயே மணிக்கணக்கு போய்விடும்.

சைக்கிளில் போய் யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு தருவதற்கான காப்பீடும் கியோட்டோவில் கட்டாயம். வண்டி வாங்கும் அன்றே போட்டுவிடுங்கள்.

3. சாலை விதி

நமக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிலும் வண்டிகள் இடது பக்கம்தான் போகும். மற்றபடி மறக்க வேண்டியது நிறைய.

சைக்கிள் அங்கே வண்டிக் கணக்கில் சேர்ந்தது. சாலையின் இடது ஓரத்தில்தான் போக வேண்டும். மனிதரும் சைக்கிளும் வரைந்த நீல வட்டப் பலகை இருந்தால் மட்டும் நடைபாதையில் ஏறலாம், அதுவும் மெதுவாக. நடப்பவருக்கே முதல் உரிமை. அவரை ஒதுக்க பெல் அடிக்கக் கூடாது. பின்னால் காத்திருங்கள், இல்லை இறங்கித் தள்ளுங்கள். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. பெல்லின் மேல் கட்டைவிரல் வைத்தே ஓட்டி வளர்ந்தவன் நான். முதல் வாரம் முழுக்க அந்த விரலைக் கைப்பிடிக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டேன்.

சிவப்பு நிறத்தில், தலைகீழ் முக்கோணமாக ஒரு பலகை வரும். 'தொமாரே' என்று எழுதியிருக்கும். நில் என்று அர்த்தம். சின்னச் சந்துகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் அது இருக்கும். காலை ஊன்றி முழுதாக நில்லுங்கள். சிக்னலில் வலது பக்கம் திரும்ப, கார் மாதிரி நடுவில் போய்த் திரும்பக் கூடாது. நேரே கடந்து, அந்த முனையில் நின்று, அடுத்த பச்சை விழுந்த பிறகு போக வேண்டும்.

குடை பிடித்தபடி ஓட்டக் கூடாது. இருவர் இணையாகப் பேசிக்கொண்டு போகக் கூடாது. இருட்டினால் விளக்கு வேண்டும். 2023 ஏப்ரல் முதல் எல்லோரும் ஹெல்மெட் போட முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவது பற்றித் தனியாகச் சொல்கிறேன்: 2024 நவம்பர் முதல் அதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம். 2026 ஏப்ரல் முதல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சைக்கிள்காரர்களுக்கு அந்த இடத்திலேயே அபராதச் சீட்டு கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. வழி தெரியவில்லையா, ஓரம் கட்டி நின்று பாருங்கள்.

4. போன் இல்லாமல் திசை பார்ப்பது

கியோட்டோவைப் போல இதற்கு இடம் கொடுக்கும் ஊர் குறைவு. கிழக்கு, வடக்கு, மேற்கு மூன்று பக்கமும் மலை. மலை இல்லாத பக்கம் தெற்கு. கிழக்கு மலை ஒன்றில் மரத்தை வெட்டி, 'பெரியது' என்று பொருள்படும் எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக் கூரைகளுக்கு நடுவே அது தெரிந்தால் அதுதான் கிழக்கு. தெற்கே, ரயில் நிலையத்துக்கு எதிரில், 131 மீட்டர் உயர வெள்ளைக் கோபுரம்.

794-இல் தலைநகராக அமைத்தபோதே இந்த ஊரைச் சதுரங்கக் கட்டம் போல வகுத்தார்கள். அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. கிழக்கு மேற்காக ஓடும் பெரிய தெருக்கள் பலவற்றுக்கு எண்தான் பெயர். நிஜோ இரண்டாவது, சான்ஜோ மூன்றாவது, ஷிஜோ நான்காவது, கோஜோ ஐந்தாவது, ஷிச்சிஜோ ஏழாவது. எண் ஏறினால் தெற்கே போகிறீர்கள். ஜப்பானிய எண்களை நான் இந்தத் தெருக்களிடம்தான் கற்றேன்.

முகவரி சொல்லும் விதம் இன்னும் அழகு. 'கவரமாச்சி இமாதேகவா அகாரு' என்றால், கவரமாச்சித் தெருவும் இமாதேகவாத் தெருவும் வெட்டும் முனையிலிருந்து மேலே ஏறு. மேலே என்றால் வடக்கு. 'சகாரு' என்றால் இறங்கு, அதாவது தெற்கு. சொல்லுக்கு ஏற்ப நிலமும் அப்படியேதான். நடக்கும்போது தெரியாத சரிவை, கியர் இல்லாத சைக்கிளில் தொடை சொல்லிவிடும். ஆகையால் ஆரம்பத்தில் வடக்கே போங்கள். தெம்பு இருக்கும்போது ஏறி, களைத்த பிறகு மிதிக்காமலே இறங்கி வரலாம். தெற்கே போகும் நாளில் திரும்பி வரத் தெம்பு மிச்சம் வையுங்கள்.

5. முதல் இரண்டு வாரம்: ஒரே ஆறு

பெரும்பாலோர் வண்டி கிடைத்த மறுநாளே கோயில் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அதைச் செய்யாதீர்கள் என்பதே நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே போய் வாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீட்டர் போதும்.

கியோட்டோவில் அந்தப் பாதை காமோ ஆறு. வடக்கிலிருந்து தெற்காக ஊரை ஊடுருவி ஓடுகிறது. கரையில் பாதை பாலங்களுக்கு அடியில் போவதால் சிக்னல் தொல்லை இல்லை. தேமாச்சியானகியில் தொடங்குங்கள். மேற்கிலிருந்து காமோவும் கிழக்கிலிருந்து தகானோவும் வந்து கூடுகிற முக்கோணத் துறை அது. ஆற்றுக்குக் குறுக்கே ஆமை வடிவத்திலும் பறவை வடிவத்திலும் கற்கள் போட்டிருக்கும். சைக்கிளைக் கரையில் நிறுத்திவிட்டுக் கல் கல்லாகத் தாவிக் கடக்கலாம். அங்கிருந்து மேலே கமிகாமோ கோயில் பக்கம் போய்த் திரும்புங்கள்.

ஒரே பாதையில் காலை ஆறு மணிக்கு ஒரு நாள், மாலை நான்குக்கு ஒரு நாள், இருட்டும் நேரத்தில் ஒரு நாள் போங்கள். காலையில் நாய் நடத்துகிறவர்கள், தண்ணீருக்குள் அசையாமல் நிற்கும் கொக்கு. மாலையில் பாலத்தடியில் சாக்ஸபோன் பழகும் மாணவர்கள். இரவில் சான்ஜோவுக்கும் ஷிஜோவுக்கும் நடுவே அளந்து வைத்தாற்போல் இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும் ஜோடிகள். மே மாதம் உணவகங்கள் ஆற்றின் பக்கமாக மரத்தளம் நீட்டிவிடும்; அந்தக் கரையில் கூட்டம் இருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆற்றங்கரையில் கையில் வைத்துச் சாப்பிடாதீர்கள். கோழிக்குஞ்சைத் தூக்கும் நம் ஊர்ப் பருந்து இனம்தான் அங்கும் சுற்றுகிறது. இரண்டாம் வாரம் நான் பன் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது. இறகு நுனி காதில் உரசியதை உணர்ந்தபோது கையில் வெறும் காகிதம் இருந்தது. விரலில் கீறல்கூட இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அது இறங்காது.

6. பிறகு ஊருக்குள்

ஆறு மனப்பாடமானதும் அதிலிருந்து ஒவ்வொரு பாலமாக வெளியே வாருங்கள். வாரத்துக்கு ஒரு பாலம் என்பது என் கணக்கு.

முதல் கிளை, பழைய அரண்மனைத் தோட்டம். உள்ளே தெரு அகலத்துக்கு நல்ல தடிமனாகச் சரளை கொட்டியிருக்கும். அதில் ஓட்டினால் சக்கரம் புதைந்து ஹேண்டில் ஆடும். ஆனால் உற்றுப் பாருங்கள். சரளைக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில், கல் விலகி மண் தெரிய, கோடு போல ஒரு வழி ஓடும். யாரும் போட்ட பாதை இல்லை. தினமும் குறுக்கே போகிற சைக்கிள்கள் ஒன்றன் பின் ஒன்றாக மிதித்து உண்டாக்கியது. அதில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சரளையில் இறங்கி நிற்பார். மற்றவர் தலையைக் குனிந்து கடப்பார். நான் முதலில் இறங்கிய அன்று எதிரே வந்த பாட்டி ஒருவர் இரண்டு தடவை குனிந்தார். அன்றைக்கு வீட்டில் போய் அதைத்தான் சொன்னேன், பார்த்த அரண்மனையைச் சொல்லவில்லை.

தோட்டத்தின் கிழக்கே நஷினோகி கோயிலில் ஊற்று நீர் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் பாட்டிலோடு வருவார்கள். நீங்களும் கூடையில் காலிப் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தேமாச்சிப் பக்கம் அரிசி மாவில் உப்புப் பயறு பதித்து உள்ளே இனிப்புப் பூரணம் வைத்த உருண்டை விற்கும் பழைய கடை உண்டு. கொழுக்கட்டை தின்று வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாக இருக்காது. வரிசை எப்போதும் நீளம், ஆனால் சீக்கிரம் நகரும்.

தேதி பார்த்துப் போக வேண்டியவை: 15-ஆம் தேதி சியோன்ஜி கோயிலில் கைவினைச் சந்தை, 21-இல் தோஜியில் பழம்பொருள் சந்தை, 25-இல் கித்தானோ தென்மாங்கூவில் சந்தை. மூன்றும் மாதா மாதம். கால் பழகிய பிறகு மேற்கே அரஷியாமா போகலாம். அங்கிருந்து கட்சுரா ஆற்றோரமாகத் தெற்கே கிசு வரை 45 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருக்கிறது. அது ஐந்தாம் மாதத்துக்கு.

கியோமிசு கோயில் மேட்டுக்கும், நிஷிகி சந்தைக்கும், கூரை போட்ட கடைத்தெருக்களுக்கும் சைக்கிளைக் கொண்டு போகாதீர்கள்.

7. நிறுத்துவது

இதில்தான் புதியவர்கள் மாட்டுவார்கள். நடைபாதையில் பத்து சைக்கிள் நிற்பதால் பதினொன்றாவதாக உங்களுடையதை விடாதீர்கள். எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கிடங்கைத் தேடிப் போய்க் கட்டணம் கட்டித்தான் மீட்க வேண்டும். ஏப்ரலில் எனக்கு அது நேர்ந்தது, ஒரு காலை முழுதும் போயிற்று. முன் சக்கரத்தை இயந்திரம் பிடித்துக்கொள்ளும் கட்டண நிறுத்தங்கள் நிறைய இருக்கின்றன. பலவற்றில் முதல் கொஞ்ச நேரம் இலவசம், பிறகு நூறு, நூற்றைம்பது யென். அந்தக் காசை ஊர் பார்க்கும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சுற்றுவட்டத்தில் அப்படி நான்கு இடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

8. மழையும் வெயிலும்

ஜூனில் மழைக்காலம் தொடங்கி ஜூலை நடுவில் முடியும். ஹேண்டிலையும் மூடும் மழை அங்கி ஒன்று வாங்குங்கள். ஆறு பெருகினால் கரையோரப் பாதை பக்கமே போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் மலைகளுக்கு நடுவே காற்று அசையாது. சென்னை வெயில் பழகிய எனக்கே மூச்சு முட்டியது. அந்த மாதங்களில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். அப்போதே கிளம்பி எட்டுக்குள் திரும்புங்கள்.

9. கிளம்பும்போது

சைக்கிளை விட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள். அது உங்கள் பெயரில் பதிவானது. யாருக்காவது கொடுப்பதென்றால் உரிமை மாற்றத் தாளில் கையெழுத்துப் போட்டுப் பதிவையும் மாற்றிக் கொடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் கடையில் கேட்டு முறைப்படி ஒப்படையுங்கள்.

ஆகஸ்ட் 16 இரவு எட்டு மணிக்குக் கிழக்கு மலையின் அந்தப் பெரிய எழுத்தில் தீ மூட்டினார்கள். ஆறு மாதமாக எனக்குத் திசை காட்டிய எழுத்து. ஆற்றங்கரையில் நின்று மனைவியும் நானும் பார்த்தோம். அடுத்த வாரம் எங்கள் கட்டடத்துக்குப் புதிதாக வந்த இளைஞரிடம் வண்டியைக் கொடுத்தேன். சாவி, பதிவுத் தாள், கூடையில் இரண்டு வால் டியூப், மழை அங்கி. எந்தக் கோயிலுக்கு முதலில் போகலாம் என்று கேட்டார். சீட்டை அவர் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, காற்றடிக்கும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்து ஆறு தெரியும்.