சீஸும் மூலிகை இலைகளும் சேர்ந்த உப்புக் குக்கீ: உருகிப் பரவாமல் சுடும் முறை

இனிப்புக் குக்கீயை நன்றாகச் சுடத் தெரிந்தவர்களும் சீஸ் குக்கீயில் முதல் தட்டிலேயே தடுமாறுவதுண்டு. சர்க்கரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சீஸைத் துருவிப் போட்டால் போதும் என்று தோன்றுவதுதான் இதற்குக் காரணம். சீஸ் சுவையை மட்டும் தருவதில்லை. தன்னோடு நிறையக் கொழுப்பையும் நீரையும் மாவுக்குள் கொண்டுவருகிறது. கீழே சொல்லியிருக்கும் அளவில், 100 கிராம் வெண்ணெயில் ஏறத்தாழ 16 கிராம் நீர் இருக்கிறது. 100 கிராம் சீஸிலோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல், ஏறத்தாழ 35 கிராம் நீர் இருக்கிறது. இந்த நீரை மனத்தில் வைத்துக்கொண்டால், பால் எவ்வளவு ஊற்றுவது, மாவை எவ்வளவு நேரம் குளிரவைப்பது, எப்போது தட்டை வெளியே எடுப்பது என்ற கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

தேவையான பொருள்கள்

மைதா 150 கிராம், உப்புச் சேர்க்காத வெண்ணெய் 100 கிராம், நன்கு முதிர்ந்த செடார் சீஸ் 80 கிராம், பார்மேசான் 20 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, பொடியாக நறுக்கிய புதிய ரோஸ்மேரி இரண்டு தேக்கரண்டி, தைம் இலை ஒரு தேக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, கடுகுப் பொடி கால் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. குளிர்ந்த பால் ஒன்றிரண்டு தேக்கரண்டியைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். அது தேவைப்படாமலும் போகலாம். இந்த அளவுக்குச் சிறிய குக்கீகள் ஏறத்தாழ நாற்பது கிடைக்கும்.

உப்பு குறைவாகத் தோன்றினாலும் கூட்ட வேண்டாம். சீஸில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. சுடும்போது நீர் வெளியேறுவதால் அந்த உப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். உப்பு சேர்த்த வெண்ணெய்தான் இருக்கிறதென்றால் தனி உப்பை அறவே விட்டுவிடலாம். கடுகுப் பொடியின் சுவை தனியாகத் தெரியாது. ஆனால் சீஸின் சுவையை அது எடுத்துக்காட்டும். ஆகவே அதை விடாதீர்கள். பேக்கிங் பவுடர் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அது குக்கீயை உப்பவைத்து உள்ளே துளைகளை உண்டாக்கும். நமக்கு வேண்டியது வாயில் பொடிந்து கரையும் நெருக்கமான பதம்.

இங்கே கோப்பை அளவு எதையும் தரவில்லை. துருவிய சீஸைக் கோப்பையில் அழுத்தி நிரப்புவதற்கும் தளர்வாக நிரப்புவதற்கும் இடையில் எடை வெகுவாக மாறும். வீட்டில் சுடத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்டால், மிக்சரோ அச்சுகளோ அல்ல, சமையலறைத் தராசு என்றே சொல்வேன்.

எந்தச் சீஸ்?

முதிர்ந்த, கெட்டியான சீஸாக இருக்க வேண்டும். முதிர முதிர நீர் குறைந்து சுவை கூடுகிறது. மொட்சரெல்லா போன்ற ஈரமான சீஸ் குக்கீயைத் தொய்யவைத்துவிடும். பதப்படுத்திய சீஸ் கட்டிகளில் சீராக உருகுவதற்கென்று குழம்பாக்கும் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் மாவு மென்மையாகி, குக்கீ மொறுமொறுப்பில்லாமல் ரொட்டியைப் போல் ஆகிவிடும். துருவியே விற்கப்படும் பொட்டலங்களையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். துருவல் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க அதில் மாச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். கட்டியாக வாங்கி, துருவியின் சிறிய துளைப் பக்கத்தில், குளிர்ச்சி குறையாமல் நீங்களே துருவுங்கள். பெரிய துருவலாகப் போட்டால் அந்தந்த இடத்தில் சீஸ் உருகி ஓட்டை விழும்.

சைவ உணவு உண்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இத்தாலியில் மரபுமுறைப்படி செய்யப்படும் அசல் பார்மேசானான பார்மிஜானோ ரெஜ்ஜானோவில், பாலைத் திரையவைப்பதற்காகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் என்ற பொருள் சேர்க்கப்படுகிறது. அதைத் தவிர்க்க விரும்பினால், தாவர அல்லது நுண்ணுயிர் ரென்னெட் என்று அட்டையில் குறிப்பிட்டுள்ள கெட்டியான சீஸைத் தேடி வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் முழு 100 கிராமும் அப்படிப்பட்ட செடாராகவே இருக்கலாம்.

இலைகளை வெண்ணெயில் ஊறவைத்தல்

ரோஸ்மேரி, தைம், ஆரிகானோ, சேஜ் ஆகியவை ஓவன் சூட்டைத் தாங்கும். பேசில், பார்ஸ்லி போன்ற மெல்லிய இலைகள் கறுத்து மணமிழந்துவிடும். உலர்ந்த இலை மட்டுமே இருந்தால் மேலே சொன்ன அளவில் மூன்றில் ஒரு பங்கு போதும். புதிய இலையைக் கழுவினால், துணியில் பரப்பி ஈரம் முற்றிலும் போன பிறகே நறுக்க வேண்டும். ரோஸ்மேரியை எவ்வளவு பொடியாக நறுக்க முடியுமோ அவ்வளவு நல்லது, இல்லையென்றால் பல்லில் குச்சியைப் போல் தட்டுப்படும்.

பெரும்பாலான குறிப்புகள் இலையைக் கடைசியில் மாவோடு தூவச் சொல்கின்றன. நான் அப்படிச் செய்வதில்லை. இந்த இலைகளின் மணம் எண்ணெயில் கரையும் இயல்புடையது. ஆகவே வெண்ணெயைச் சற்று இளகவைத்து, நறுக்கிய இலை, மிளகு, கடுகுப் பொடி, உப்பு எல்லாவற்றையும் அதில் குழைத்து, ஒரு தாளில் மெல்லிய பலகையாகப் பரப்பி, மீண்டும் குளிர்பெட்டியில் கெட்டியாகும்வரை வைத்துவிடுகிறேன். ஓர் இரவு இருந்தால் இன்னும் நல்லது. இப்படிச் செய்தால் ஒவ்வொரு கடியிலும் மணம் சீராகக் கிடைக்கும். மெல்லிய பலகையாக இருப்பதால் துண்டுபோடுவதும் எளிது.

மாவைச் சேர்த்தல்

கெட்டியான வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி மைதாவில் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் தேய்த்து, ரவை போன்ற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்ளங்கை படக் கூடாது; அதன் சூடு வெண்ணெயை இளக்கிவிடும். ஃபுட் பிராசஸர் இருந்தால் விட்டுவிட்டு ஓட்டலாம். மிக்சி ஜாடியில் செய்வதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் கத்திக்கு அருகில் உள்ள மாவு சூடாகிக் கூழாகிவிடுகிறது. பிறகு துருவிய சீஸைக் கலந்து, மஞ்சள் கருவை ஊற்றி, கத்தியின் முனையால் கிளறுங்கள்.

இந்தக் கட்டத்தில் மாவு உதிரியாக, ஒன்றுசேராதது போலத் தெரியும். உடனே பாலை ஊற்றத் தோன்றும், சற்றுப் பொறுத்திருங்கள். ஒரு கைப்பிடியை எடுத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். பிடித்த வடிவம் நின்றால் பால் வேண்டியதில்லை. சீஸில் இருக்கும் நீரை மாவு மெல்ல இழுத்துக்கொள்ளும், அதற்கு நேரம்தான் வேண்டும். பிடித்தது உடைந்து உதிர்ந்தால் மட்டும் ஒரு தேக்கரண்டிப் பாலைத் தெளித்து மறுபடி பாருங்கள். ஒன்றுசேர்ந்த பிறகு பிசைய வேண்டாம். பிசைந்தால் மைதாவின் இழுவைக்குக் காரணமான குளூட்டன் என்ற புரதம் வலுப்பட்டுக் குக்கீ கடினமாகும்.

உருளையும் குளிரவைத்தலும்

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்தப் படிதான். சரியான அளவு, நல்ல சீஸ், சரியான சூடு எல்லாம் இருந்தும் குக்கீகள் தட்டில் எண்ணெய் கக்கிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிப் பரவுவதற்குக் காரணம் ஓவனுக்கு வெளியேதான் இருக்கிறது. வெண்ணெய் 32 முதல் 35 பாகை செல்சியஸில் உருகிவிடுகிறது. குக்கீயின் உடலைப் பிடித்து நிறுத்த வேண்டிய மஞ்சள் கரு கெட்டிப்படுவதோ 65 பாகைக்கு மேல். கொழுப்பு உருகுவதற்கும் உடல் இறுகுவதற்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில்தான் குக்கீ பரவுகிறது. மாவு அறைச் சூட்டில் உள்ளே போனால் கொழுப்பு உடனே ஓடத் தொடங்குகிறது. நடுப்பகுதிவரை குளிர்ந்து போனால், வெண்ணெய் உருகி முடிவதற்குள் விளிம்பு இறுகி அணை கட்டிவிடுகிறது. சாதாரண வெண்ணெய்க் குக்கீயைவிட இதில் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும், ஏனெனில் வெண்ணெயோடு சீஸின் கொழுப்பும் சேர்ந்து ஓடுகிறது.

ஆகவே மாவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளையாக்கிப் பேக்கிங் தாளில் சுற்றுங்கள். சுற்றும்போது தாளின் மேல்மடிப்பை உருளையின் மேல் கொண்டுவந்து, ஓர் அடிக்கோலின் விளிம்பை உருளைக்கு அடியில் அழுத்தியபடி, கீழ்த்தாளை உங்கள் பக்கம் இழுங்கள். தாள் இறுகி, உள்ளே இருக்கும் வெடிப்புகளையும் காற்றையும் வெளியேற்றிவிடும். வெட்டும்போது வில்லைகள் உடைவதற்குப் பெரும்பாலும் இந்த உள்வெடிப்புகளே காரணம். பிறகு குளிர்பெட்டியில் குறைந்தது 2 மணி நேரம் வையுங்கள். முதல் அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை உருட்டிவிட்டால் அடிப்பக்கம் தட்டையாகாது. அவசரத்துக்கு உறைபெட்டியில் 40 நிமிடம் வைக்கலாம். ஆனால் மெதுவாகக் குளிர்ந்த மாவில் ஈரம் சீராகப் பரவியிருப்பதால் அதுவே ஒழுங்காக வெட்டுப்படும்.

மெல்லிய, கூரான கத்தியால் 6 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் உருளையைக் கால் வட்டம் திருப்பினால் வில்லை வட்டமாகவே இருக்கும். வெட்டி முடிப்பதற்குள் மாவு இளகினால், அடுக்கிய தட்டையே 10 நிமிடம் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். முழுத் தட்டையும் சுடுவதற்கு முன் ஒரே ஒரு வில்லையைச் சுட்டுப் பாருங்கள். அது அதிகம் பரவினால் மீதியை மேலும் குளிரவைக்க இன்னும் வழி இருக்கிறது.

சுடுதல்

ஓவனை 170 பாகை செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். விசிறி ஓடும் வகையென்றால் 150 போதும். ஓவனுக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. திருகியில் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 10, 20 பாகை வித்தியாசம் இருப்பது பல ஓவன்களில் வழக்கம்தான். தட்டு வெளிர்நிற அலுமினியமாக இருக்கட்டும். கறுப்புத் தட்டு சூட்டை அதிகம் ஈர்த்து அடியைக் கருக்கிவிடும். மெழுகு பூசிய தாளை ஓவனில் போடக் கூடாது. சூட்டைத் தாங்கும் பேக்கிங் தாள்தான் வேண்டும்.

வில்லைகளுக்கிடையே இரு விரல் இடைவெளி விட்டு, 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள். பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள். விளிம்பு பொன்னிறமாகவும், நடு வெளிர் மஞ்சளாகவும், ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் இளம்பழுப்பாகவும் இருக்க வேண்டும். மேற்புறமும் நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சீஸின் புரதம் மெய்லார்ட் வினையால் வேகமாகப் பழுப்பேறும், ஓரளவைத் தாண்டினால் கசந்துவிடும்.

நிறம் சரியாக வந்தும் நடுவில் ஈரம் மிச்சமிருக்கும். அந்த ஈரத்தை நிறம் ஏறாமல் வெளியேற்றுவதற்கு, ஓவனை அணைத்துவிட்டுக் கதவைச் சற்றே திறந்து 10 நிமிடம் உள்ளேயே விடுங்கள். மொறுமொறுப்பு உறுதிப்படுவது இந்த 10 நிமிடத்தில்தான். வெளியே எடுத்தவுடன் குக்கீ மென்மையாகவே இருக்கும். கொழுப்பு மீண்டும் உறைந்த பிறகே இறுகும். எனவே 5 நிமிடம் தட்டிலேயே விட்டுப் பின் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள்.

வாசகர்கள் கேட்டதால் பின்னர் சேர்த்தவை

முட்டை இல்லாமல் செய்யலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். மஞ்சள் கருவுக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த பால் சேர்த்தால் போதும். குக்கீ சற்று எளிதில் உதிரும். இறுகுவதற்கு முட்டை இல்லாததால் உருளையைக் கூடுதலாக ஒரு மணி நேரம் குளிரவையுங்கள்.

மைக்ரோவேவில் சுட்டதில் குக்கீ வேகவைத்தது போல வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். மைக்ரோவேவ் அலையில் இது சரியாக வராது. கன்வெக்ஷன் வசதியை மட்டும் தேர்ந்தெடுத்து, முன்சூடு செய்து, உயரமான கம்பித் தாங்கியின் மேல் வைத்துச் சுட வேண்டும். சிறிய ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) அடுப்புகளில் மேல் கம்பி மிக அருகில் இருப்பதால் தட்டை நடுத்தட்டுக்கும் கீழே இறக்குங்கள்.

கோதுமை மாவு சேர்க்க விரும்புபவர்கள் மைதாவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். தவிடு நீரை அதிகம் இழுக்கும் என்பதால் இங்கே அந்த ஒரு தேக்கரண்டிப் பால் பெரும்பாலும் தேவைப்படும்.

மறுநாளே நமுத்துப்போகிறது என்ற குறை வந்தால், முழுவதும் ஆறுவதற்குள் டப்பாவில் அடைத்தீர்களா என்று முதலில் பாருங்கள். அடைபட்ட ஆவி குக்கீக்குள்ளேயே திரும்பிவிடும். நமுத்ததை 150 பாகையில் 5 நிமிடம் சூடாக்கி ஆறவைத்தால் மீண்டும் மொறுமொறுப்பாகும். காற்றுப் புகாத டப்பாவில் நான்கைந்து நாள்வரை நன்றாக இருக்கும். மொத்தமாகச் சுட்டு வைப்பதைவிட, ஓர் உருளையைச் சுடாமல் தாளோடு உறையில் போட்டு உறைபெட்டியில் வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி. இரண்டு மாதம்வரை கெடாது. வேண்டியபோது எடுத்துப் 10 நிமிடம் வெளியே வைத்து, வேண்டிய வில்லைகளை மட்டும் வெட்டி, வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும்.