பி-மதிப்பு குறைந்தால் கோட்பாடு வென்றுவிடுமா?

உளவியல் ஆய்வுகளைப் படிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது: பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும், இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு) குறைந்து, இரு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை என்ற இன்மைக் கருதுகோள் விழுந்ததுமே, ஆய்வாளரின் கோட்பாடு நிரூபணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வது. தெரியவந்தது வேறுபாடு மட்டும்தான். அது ஏன் வந்தது என்பதற்குப் பத்து விளக்கங்கள் இருக்கலாம்.

அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1967-லேயே இதை உடைத்துச் சொன்னார். இயற்பியல் கோட்பாடு குறிப்பிட்ட ஓர் எண்ணைச் சொல்லும். அளவீடு நுட்பமாக ஆக, அது தப்புவது கடினம். உளவியலில் தலைகீழ். "இந்தக் குழுவுக்கு அதிகமாக இருக்கும்" என்பதோடு கணிப்பு முடிந்துவிடும். மாதிரி பெருகப் பெருக, ஏதாவது ஒரு வேறுபாடு தென்பட்டே தீரும்; திசை பொருந்தப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒன்றுக்கும் உதவாத கோட்பாடுகூடத் தேறிவிடும்.

இது வெறும் தர்க்கமில்லை. அவரும் உளவியலாளர் டேவிட் லிக்கனும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தின் சுமார் 57,000 பள்ளி மாணவர்களின் தரவை எடுத்தார்கள். தந்தையின் தொழில், பிறப்பு வரிசை, மதம், பள்ளி பிடிக்குமா என 15 விவரங்கள். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 105 ஜோடிகள். அத்தனையிலும் புள்ளியியல் முக்கியத்துவமுள்ள, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, தொடர்பு வந்தது! எந்தக் கோட்பாடும் இல்லாமலே.

அடுத்த தவறு, மறுசோதனை தோற்றதும் சாக்குகளை அடுக்குவது. 1996-ல் உளவியலாளர் ஜான் பார்க் குழுவினர், முதுமையை நினைவூட்டும் சொற்களைப் படித்த மாணவர்கள் மெதுவாக நடந்ததாக எழுதினார்கள். நேரத்தைக் கையால் அளந்திருந்தார்கள். 2012-ல் பிரசல்ஸில் ஸ்டெஃபான் துவாயான் குழு அகச்சிவப்புக் கதிர் உணரிகளால் அளந்தபோது அந்த விளைவு வரவில்லை. சோதனை நடத்துபவர்களிடம் 'மெதுவாக நடப்பார்கள்' என்ற எதிர்பார்ப்பை ஊட்டிய பிறகுதான் வந்தது.

சரி, ஒரு தோல்வியோடு கோட்பாட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா? அதுவும் அவசரம்தான். கருவி, சூழல், பங்கேற்பாளர் பற்றிய துணை அனுமானங்களும் கூடவே சோதிக்கப்படுகின்றன; தவறு எதில் என்று உடனே சொல்ல முடியாது. அறிவியல் தத்துவவாதி இம்ரே லக்காட்டோஸ் தந்த அளவுகோல்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது: தோல்விக்குச் சொல்லும் விளக்கம், இதுவரை தெரியாத ஒன்றைக் கணித்து, அது பலிக்கவும் வேண்டும். பழைய முடிவைக் காப்பாற்ற மட்டுமே பயன்பட்டால் அது ஒட்டுப்போடுவதுதான்.

அப்புறம் இன்னொரு தவறு, தரவைப் பார்த்தபின் கருதுகோளை எழுதிவிட்டு, முன்பே கணித்ததுபோல் காட்டுவது. உளவியலாளர் நார்பர்ட் கெர் 1998-ல் இதைத் தனியே எடுத்துக் கண்டித்தார். முன்பதிவு செய்த ஆய்வா, அதாவது கருதுகோளையும் திட்டத்தையும் தரவு திரட்டும் முன்பே எழுதிப் பதிந்த ஆய்வா என்று பாருங்கள். என்ன முடிவு வந்தால் கோட்பாட்டைக் கைவிடுவோம் என்று அதில் எழுதியிருக்கிறதா என்பதையும் தேடுங்கள்.