மாத்திரைப் பையோடு கடற்பாலம் தாண்டுவோருக்கு

ஊரில் மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை போதும் என்றால் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரர் கையில் இருக்கும் மீதி அட்டையிலேயே தங்கிவிடும். நான் முதன்முதலாகச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது என் பையில் அப்படி வெட்டிய துண்டுகள் மட்டும் பதினொன்று இருந்தன. அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். இது என்ன? காய்ச்சலுக்கு. இது? அம்மா கொடுத்தது, வாயுவுக்கு. இது? எனக்கே தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. ஆனால் பெயர் சொல்ல முடியாத துண்டுகள் குப்பைக் கூடைக்குப் போயின. அதில் ஒன்று நான் தினமும் போட வேண்டிய மாத்திரை என்பது அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஆகவே சிங்கப்பூருக்குக் கிளம்பும் முன் முதல் வேலை, முழு அட்டையாக வாங்குவது. அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். கூடவே மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை. கையெழுத்து புரியாவிட்டால் தட்டச்சு செய்து தரச் சொல்லுங்கள், தப்பில்லை.

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கான மருந்து வரை கொண்டுவரலாம். அதற்கு மேல் என்றால் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இதோடு முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சில மருந்துகளுக்கு அளவு குறைவாக இருந்தாலும் அனுமதி தேவைப்படும். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கடுமையான வலி நிவாரணி, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றில்தான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள். அல்பிரசோலம், குளோனசிபம், டயசிபம், சோல்பிடெம் என்று சீட்டில் எதாவது இருந்தால் நிறுத்திப் படியுங்கள். 'பாட்டிக்குத் தூக்கம் வர டாக்டர் எழுதினது, பாதி மாத்திரைதான் போடுவாங்க' என்பதெல்லாம் சாவடியில் எடுபடாது. ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பம் இருக்கிறது. பயணத்துக்குக் குறைந்தது 10 வேலை நாளுக்கு முன் அனுப்ப வேண்டும். வந்த கடிதத்தை அச்சடித்து மருந்தோடு வையுங்கள். வந்து இறங்கியதும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் நீங்களாகவே காட்டிவிடுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும், பார்வைக்குத் தெரியாமலும் போகலாம்.

வந்தாயிற்று. அட்டை தீர்ந்ததும் இங்கே கடையில் போய் 'டோலோ 650' என்று கேட்பீர்கள். விழிப்பார்கள். இங்கே அதன் பெயர் பனடால், சாதாரண மாத்திரை 500 மில்லிகிராம். உள்ளே இருப்பது அதே பாரசிட்டமால். பெயர் வேறு என்பதால் மருந்தும் வேறு என்று நினைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோவும் போட்டு, இங்கே வாங்கிய பனடாலும் போட்டு, சளி மாத்திரையும் போட்ட ஒருவர் என் அறையிலேயே இருந்தார். மூன்றிலும் பாரசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து.

மற்றவையும் இப்படித்தான். ஊரில் டெல்மா என்று போடுவது டெல்மிசார்டன், இங்கே மைக்கார்டிஸ். கிளைக்கோமெட் என்பது மெட்ஃபார்மின், இங்கே குளுக்கோபேஜ். இதய நோய்க்கு எக்கோஸ்ப்ரின் 75 போடுபவருக்கு இங்கே 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் கிடைக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று நீங்களாக மாற்றிக்கொள்ளாமல் மருத்துவரிடம் கேளுங்கள். ஊரில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்தை அடைத்து விற்பது சகஜம். கிளைக்கோமெட் ஜிபி 1 என்பதில் மெட்ஃபார்மினோடு கிளிமெப்பிரைடும் இருக்கிறது. இங்கே அதையே இரண்டு தனி மாத்திரையாகத் தரலாம். எண்ணிக்கை கூடிவிட்டதே என்று பயந்து ஒன்றை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், நெஞ்செரிச்சலுக்கு நாம் கண்ணை மூடிக்கொண்டு போடும் ரானிடிடின். அதில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு தெரியவந்ததால் 2019 செப்டம்பரில் எட்டு வகை ரானிடிடின் மருந்துகளை ஆணையம் இங்கே சந்தையிலிருந்து விலக்கியது. கேட்டால் வேறு மருந்துதான் தருவார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இங்கே கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்தால் அங்கேயே கவுண்டரில் மருந்தையும் தந்து மொத்தமாகப் பணம் வாங்கிக்கொள்வார்கள். பில்லைப் பார்த்ததும் நெஞ்சு வலிக்கும். அரசுப் பலதுறை மருந்தகங்களில் (பாலிகிளினிக்) மானியம் என்பது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளிலும் தங்குவிடுதிகளிலும் இருக்கும் வேலை அனுமதி அட்டைக்காரர்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து அடிப்படை மருத்துவத் திட்டம் ஒன்று உண்டு. நேரில் போனால் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), காணொளியில் பார்த்தால் 2 வெள்ளி உங்கள் பங்கு. இது இருப்பவர் மருந்துக்காக எல்லை தாண்டுவது வீண் அலைச்சல். முதலில் கம்பெனியில் கேளுங்கள்.

ஜேபி போய் வாங்கலாமா?

இந்தக் கேள்வி வந்த ஒரு மாதத்துக்குள் எல்லோர் வாயிலும் வரும். ஜேபி என்றால் ஜொகூர் பாரு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலேசிய ஊர். அங்கே போகும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது, இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் 30 நாள் அனுமதி. மலேசியாவின் மின் வருகை அட்டையைக் கிளம்பும் முன் மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். குவீன் ஸ்ட்ரீட்டில் 170 பஸ் ஏறினால் மதியச் சாப்பாடு அந்தப் பக்கம்.

என் அனுபவத்தில் வைட்டமின், தோல் கிரீம், காண்டாக்ட் லென்ஸ் கரைசல், சர்க்கரை பார்க்கும் பட்டை ஆகியவற்றுக்கு ஜேபி லாபம். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்கு அப்படி இல்லை. மலேசியாவில் 1952 நச்சுப்பொருள் சட்டப்படி மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'பி' வகைக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். 'சி' வகையை மருந்தாளுநர் சீட்டில்லாமல் தரலாம், ஆனால் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். ஆன்டிபயாடிக்கும் பிரஷர் மாத்திரையும் 'பி'. மதுரையில் டவுன் ஹால் ரோட்டுக் கடையில் கேட்பதுபோல 'அண்ணே, அஞ்சு நாளுக்கு அமாக்சிசிலின்' என்று கேட்டால் ஒழுங்கான கடை தராது. தருகிற கடை இருந்தால் அங்கே வாங்காதீர்கள் என்பது என் கட்சி.

பெட்டியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அங்கே மாரியம்மன் கோயிலுக்கு அருகில் கடை வைத்திருந்த ஓர் அக்கா. 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள், பளபளவென்று ஹாலோகிராம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள், அப்புறம் 'தாரிக் லூபுட்' என்றால் காலாவதித் தேதி என்றார். தெருவோரத்தில் தட்டில் வைத்து விற்கும் 'ஆண்களுக்கான' மாத்திரை, மூட்டுவலிக்கு மந்திரம்போல் கேட்கும் பெயரில்லா கேப்சூல் பக்கமே போகாதீர்கள். அந்த மாதிரிச் சரக்கில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக ஆணையம் அடிக்கடி எச்சரிக்கை விடுகிறது.

போகும்போது உங்கள் சொந்த மருந்தையும் கணக்குப் பார்த்து எடுத்துப் போங்கள். மலேசியாவுக்குள் ஒரு மாத அளவுக்கு மேல் வேண்டாம்.

திரும்பும்போது உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் ஒரு விஷயம். வாங்கிவரும் பொருளுக்கு வரிவிலக்கு 100 வெள்ளி, 500 வெள்ளி என்று நண்பர்கள் சொல்வது குடிமக்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும். வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த விலக்கு கிடையாது. 9 விழுக்காடு ஜிஎஸ்டி உங்கள் வாங்கலுக்கும் உண்டு. வந்த புதிதில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மருந்தில்லாத மருந்துகள்

குருமாவுக்கு அரைக்க கசகசா கட்டிக்கொடுப்பார்கள். வேண்டாம். அது ஓபியம் செடியின் விதை, இங்கே அது மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தாய்லாந்து போய் வருபவர்கள் 'வெறும் வலி தைலம்' என்று கஞ்சா எண்ணெயோ அது கலந்த மிட்டாயோ வாங்கிவருவதும் அதே வகை ஆபத்து. அங்கே கடையில் விற்றார்கள் என்பது இங்கே பதிலாகாது. சித்த மருந்து வேண்டுமென்றால் முத்திரை உடையாத பாட்டில், பொருள் பட்டியலோடு. வைத்தியர் காகிதத்தில் மடித்த பொட்டலமும் செந்தூரமும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, கொடுத்தனுப்புவது. நீங்கள் ஊரிலிருந்து திரும்பும் செய்தி தெரிந்ததும் யாரோ ஒருவரின் மாமா விமான நிலையத்துக்கே டேப் சுற்றிய பெட்டியோடு வந்து நிற்பார். 'தம்பி, மாத்திரைதான், பையன் வந்து வாங்கிக்குவான்.' பெட்டி யார் பையில் இருக்கிறதோ அவரிடம்தான் கேள்வி வரும். அங்கேயே டேப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், சீட்டும் கேளுங்கள். மாமா முகம் சுருங்கும். சுருங்கட்டும்.