லேப்டாப் தொலைந்தாலும் தகவல் தொலையாமல் இருக்க

விண்டோஸில் பாஸ்வேர்டு வைத்திருக்கிறோமே, அது போதாதா? போதாது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால், பாஸ்வேர்டே கேட்காமல் ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், குடும்பப் படங்கள் எல்லாம் திறந்துகொள்ளும். டிஸ்கையே என்கிரிப்ட் செய்துவிட்டால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி வைத்துவிட்டால், எடுத்தவருக்குக் கிடைப்பது வெறும் குப்பை எழுத்துகள்தான்.

விண்டோஸ் 11 ஹோம் என்றால் செட்டிங்ஸில் 'பிரைவசி & செக்யூரிட்டி' போய் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா பாருங்கள். பல புது லேப்டாப்களில் ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும். புரோ பதிப்பில் இதற்கு பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். லினக்ஸ்காரர்கள் இன்ஸ்டால் செய்யும்போதே என்கிரிப்ஷனை டிக் செய்துவிடுவது சுலபம்.

இதில் நிஜமான ஆபத்து, டிஸ்க் வழக்கம்போல் திறக்காதபோது அதைத் திறக்க உதவும் மாற்றுச் சாவியான ரெகவரி கீயைத் தொலைப்பதுதான். பிட்லாக்கரில் அது 48 இலக்க எண். பயாஸை (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேட் செய்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ திடீரென்று நீலத் திரையில் அந்த எண்ணைக் கேட்கும். இல்லையென்றால் சர்வீஸ் சென்டர்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அப்புறம் ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் மட்டும் வேண்டாம், தயவுசெய்து!

பயணத்தின்போது ஸ்லீப்பில் விடாமல் ஷட் டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பில் டிஸ்கைத் திறக்கும் சாவி மெமரியிலேயே இருக்கும். டிஸ்க் பழுதானால் என்கிரிப்ஷன் கைகொடுக்காது. பேக்கப் தனியாக எடுத்தே ஆகவேண்டும். அந்த பேக்கப் டிஸ்கையும் என்கிரிப்ட் செய்துவிடுங்கள்.